மாரடைப்பு என்று எழுதாதே

"என்னாம்மா எழுதறது?"

கிராம நிர்வாக அலுவலர் கேட்டது இவ்வளவுதான். எங்கம்மா வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆண்டை மகன் சொன்னான்: "நெஞ்சு வலின்னு எழுதிக்குங்க சார். திடீர்னு வந்துடுச்சி." அவர் எழுதிக்கொண்டார். 2013 மே மாதம், கத்திரி பிறந்து ஒரு வாரம். செத்தது என் நைனா. வயசு 51. காரணம், மாரடைப்பு.

அந்த ஒரு சொல்லை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். சேதி கேட்டு ராத்திரிதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். காரியம் முடிந்த பிறகு, அன்றைக்கு நைனாவோடு கரும்பு வெட்டப் போன ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஏழு பேர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது.

விடியற்காலை 5 மணிக்கு வெட்ட இறங்கியிருக்கிறார்கள். கூலி நாளுக்கு இல்லை, டன்னுக்கு. லாரி வந்து நின்றுவிட்டதால் யாரும் உட்காரவில்லை. கரும்புக் காட்டுக்குள் காத்து நுழையாது. சோகை கையை அறுக்கும் என்று முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். கொண்டுபோன தண்ணி 11 மணிக்கே தீர்ந்துபோச்சு. கரண்ட் இல்லாத நேரம், மோட்டார் ஓடவில்லை. ஓடியிருந்தால் வாய்க்காலில் குடித்திருப்பார்கள். மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணி இருந்தது. அதில் எங்காளுங்க கை வைக்கக் கூடாது. அந்த வீட்டுப் பொம்பளை யாராவது வந்து மொண்டு ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். அன்றைக்கு யாரும் வரவில்லை.

பகல் ஒன்றரை மணிக்கு, கட்டுத் தூக்கி லாரியில் ஏற்றும்போது நைனா பேச்சு மாறியிருக்கிறது. எங்க அத்தையைப் பார்த்து, செத்துப்போன எங்க ஆயா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். காலு பின்னிக்கொண்டதாம். மேஸ்திரி சிரித்தான். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்." பத்து நிமிஷத்தில் விழுந்துவிட்டார். தொட்டுப் பார்த்த அத்தை, "ஒடம்பு சட்டி மாதிரி கொதிக்குது, தொட்டியில எறக்குங்கடா" என்று கத்தியிருக்கிறாள். ஆண்டை மகன் ஓடி வந்து தடுத்தான். "அது மாடு தண்ணி குடிக்கிற தொட்டி. அதுல எறக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க." டிராக்டரில் போட்டுக்கொண்டு போனார்கள். மேலே கூரை இல்லாத டிராக்டர். போய்ச் சேர 50 நிமிஷம். பாதி வழியில் இழுத்துப் போட்டது. அங்கே பார்த்தவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். அறுக்க வேண்டாம் என்று எங்களவர்களே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்கள்.

இதற்குப் பேர் மாரடைப்பாம்.

*

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு, ஹார்ட் அட்டாக். இதயத்தைத் துடிக்கவைக்கிற மின்னோட்டம் குழம்பி, துடிப்பதற்குப் பதிலாக இதயம் வெறுமனே நடுங்கியோ ஒரேயடியாக அடங்கியோ போவது இதய நிறுத்தம், கார்டியாக் அரெஸ்ட். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம். ஆனால் இரண்டாவது வருவதற்கு வேறு நூறு வழி இருக்கிறது. தூக்குப் போட்டுக்கொண்டவனுக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது. மலக்குழியில் இறங்கி விஷவாயுவில் செத்தவனுக்கும் இதயம்தான் நிற்கிறது. அதனால்தான் டாக்டர் நிரப்புகிற சாவுக் காரணப் படிவத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்: நோயையோ காயத்தையோ எழுது, இதயம் செயலிழந்தது என்பது போல் சாகும் விதத்தைக் காரணமாக எழுதாதே என்று. படிவம் சொல்கிறது. எழுதுகிற கைதான் கேட்பதில்லை.

அந்தப் படிவமும் எத்தனை பேருக்கு? 2020-ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான சாவுகளில் 100-க்கு 22, 23-க்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று தந்திருக்கிறார். மற்றதெல்லாம் "என்னாம்மா எழுதறது" கணக்குதான். அந்தக் கணக்கையும் நாம் பார்க்க முடியாது. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி நமக்குக் கொடுக்கிற இறப்புச் சான்றிதழில் காரணம் வராது. ஊர்ப் பதிவேட்டில் நம் சாவுக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே புதைத்துவிட்டு வருகிறோம்.

வெயில் எப்படி இதயத்தை நிறுத்துகிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் வாதாட முடியாது. உடம்பின் உள்சூடு 37 டிகிரி. வெளிச்சூடு ஏறும்போது உள்சூட்டை வெளியே தள்ள, ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. அதற்கு இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். அதே நேரத்தில் வெட்டவும் சுமக்கவும் தசை ரத்தம் கேட்கிறது. வேர்வையாக மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட இறங்கிவிடும். அந்தத் தண்ணியைத் திருப்பி ஊற்றாவிட்டால் ரத்தம் குறைகிறது, கெட்டியாகிறது. குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. உடம்பில் உப்புகளின் அளவு தாறுமாறாகிறது. சோடியம், பொட்டாசியம் நிலை தவறினால் இதயத்தின் மின்னோட்டமும் தவறும். உள்சூடு 40-ஐத் தாண்டும்போது மூளை குழம்புகிறது. ஆள் மாறிப் பேசுவான், தள்ளாடுவான். குடிச்சவன் மாதிரியேதான் இருப்பான். அதற்குப் பிறகு ஈரல், சிறுநீரகம், ரத்தம் உறைகிற ஒழுங்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டு, கடைசியில் இதயம்.

இதற்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை, ஊசியும் இல்லை. உடனே, விழுந்த இடத்திலேயே, ஆளைத் தண்ணியில் இறக்குவது. முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிரவைத்தால் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம் என்று எங்களுக்குப் பாடமே இருக்கிறது. வகுப்பில் அந்தப் பாடம் நடத்திய நாளில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எழுத்து தெரியாத எங்க அத்தை சொன்னதுதான் சரியான வைத்தியம். தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது.

இறக்கியிருந்தால் நைனா பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இறக்கவிடவில்லை என்பதைச் சத்தியம் செய்வேன்.

இதயம் நின்றுவிட்டால்கூட ஒரு வழி இருக்கிறது. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்த வேண்டும். அதுவும் இல்லாமல், மின்அதிர்ச்சியும் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைகிறது. இந்த வைத்தியத்துக்கு ஒருவன் இன்னொருவனைத் தொட வேண்டும். தொட்டு, வாய் பார்த்து, மூச்சுப் பார்த்து, நெஞ்சை அமுக்க வேண்டும். தீண்டாமை என்பது டீக்கடைக் கிளாஸ் சமாச்சாரம் மட்டும்தான் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். கையேந்திக் குடிக்கவைத்தவன் என் நைனா நெஞ்சில் கை வைப்பானா?

*

படித்த நண்பர்கள் ஒரு கணக்கை நீட்டுவார்கள். "உலகம் பூராவும் பார்த்தால் இதய நோய்ச் சாவு குளிர்காலத்தில்தான் அதிகம். நீங்க என்ன வெயில் வெயில்னு..." உண்மைதான். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் கெட்டியாகிறது. சளிக் காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எல்லா இடத்திலும் குளிர்மாதங்களில் இதயச் சாவு கூடுகிறது.

அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் படியுங்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளைச் சேர்த்து நடத்தி 1997-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, குளிர் ஒரு டிகிரி கூடும்போது சாவு எங்கே அதிகமாகக் கூடுகிறது என்று பார்த்தது. பனிக்கட்டி பின்லாந்தில் இல்லை. வெயில் ஊரான ஏதென்ஸில்! ஏன்? வெளியே ஒரே அளவு குளிர், 7 டிகிரி, இருக்கும்போது தென் பின்லாந்தில் வீட்டுக் கூடத்தின் சூடு 21.7 டிகிரி, ஏதென்ஸில் 19.2. அதே குளிரில் வெளியே போகும்போது தென் பின்லாந்தில் 100-க்கு 72 பேர் தலையில் தொப்பி போட்டிருந்தார்கள். ஏதென்ஸில் 13 பேர். அடுத்த ஆண்டு, சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரத்தைப் பார்த்தார்கள். மைனஸ் 48 வரை இறங்குகிற ஊர். அங்கே குளிர் ஏற ஏற இதயநோய்ச் சாவு கூடவே இல்லை. வீட்டில் கணப்பு எரிகிறது, வெளியே வந்தால் தடித்தடியாக மேல்சட்டை, தலை முதல் கால் வரை மூடியிருக்கிறார்கள்.

இதற்கு அர்த்தம் என்ன? குளிர் தானாகப் போய் இதயத்தை நிறுத்துவதில்லை. இடையில் ஒரு வீடு இருக்கிறது, ஒரு தொப்பி இருக்கிறது, ஒரு போர்வை இருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதுதான் சாவை முடிவு செய்கிறது. வானிலைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் நிற்பது சமூகம்.

தலைத் தொப்பி என்று படித்தபோது எனக்கு நைனாவின் துண்டுதான் ஞாபகம் வந்தது. காட்டில் தலைப்பாகையாகக் கட்டியிருப்பார். ஆண்டை வீட்டு ஆள் வந்தால் அது இடுப்புக்கு இறங்கும். ஊர்த்தெருவில் நடக்கும்போது கக்கத்துக்குப் போகும். செருப்பு கைக்குப் போகும். பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று வழக்கமே வைத்திருந்தார்கள். குடை, செருப்பு, தலைத்துண்டு, குடிக்கத் தண்ணி. வெயிலிலிருந்து ஒரு மனுச உடம்பைக் காப்பாற்றுகிற சாமான் எதுவோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் சாதி பிடுங்கி வைத்திருக்கிறது. மரியாதைக் குறைவு என்று மட்டுமே இதை நாம் இத்தனை காலம் பேசிவந்தோம். இது உயிர்ப் பறிப்பு.

1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கிற தண்ணியை மனுசன் குடிக்கக் கூடாதா என்பதுதான் அன்றைய கேள்வி. 86 வருஷம் கழித்து என் நைனாவை இறக்கவிடாத தொட்டியும் மாட்டுத் தொட்டிதான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணி விஷயம் முடிந்துபோன கதை என்று யாரும் எங்களிடம் வர வேண்டாம்.

*

சாவுக் காரணத்தை மறைப்பது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1995 ஜூலையில் ஒரு வெப்ப அலை. சில நாளில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாகச் செத்தார்கள். பிணங்களை வைக்க இடமில்லாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கிழவர்கள், தனி ஆட்கள், ஏழைகள். வயதைச் சமன்செய்து பார்த்தால் கறுப்பர்களின் சாவு வெள்ளையர்களைவிட ஒன்றரை மடங்கு. நகர மேயர் என்ன சொன்னார்? கோடையில் சாகிற எல்லோரையும் வெயில் கணக்கில் எழுத முடியாது என்கிற தோரணையில் எண்ணிக்கையையே சந்தேகப்பட்டார். அந்தப் பகுதியின் தலைமைச் சாவு விசாரணை மருத்துவர் எட்மண்ட் டோனகியூ விட்டுக்கொடுக்கவில்லை. உடம்பின் சூடு இவ்வளவுக்கு மேல் இருந்ததா, மூடிக்கிடந்த சூடான அறையில் கிடந்தாரா என்று விதி வைத்துக்கொண்டு பார்த்தார். ஏற்கனவே இதயநோய் இருந்தவர் என்றாலும் வெயில் தள்ளிவிட்டிருந்தால் வெயில் என்றே எழுதினார். பிறகு நோய்த்தடுப்பு நிபுணர்கள் அவர் பக்கம்தான் சரி என்றார்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் 2002-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். செத்த உடலை அறுத்துப் பார்ப்பது போல, கொன்ற நகரத்தை அறுத்துப் பார்த்தார்.

நம் நாட்டில் அப்படிச் சொன்னவருக்கு என்ன நடந்தது? 2023 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் கடும் வெயில். மாவட்ட மருத்துவமனையில் சில நாளுக்குள் 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெயிலால் வந்த சாவு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன கண்காணிப்பாளரை அந்தப் பொறுப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். வயசானவர்கள், ஏற்கனவே நோய் இருந்தவர்கள் என்று பேச்சை மாற்றினார்கள். பேரைச் சொன்னவனுக்குத் தண்டனை. வெயிலுக்கு ஒன்றுமில்லை.

ஆமதாபாத் வேறொரு பாடம். 2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரி வரை போனது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு சான்றிதழாகப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த மே மாதம் மொத்தம் எத்தனை பேர் செத்தார்கள், முந்தின, பிந்தின வருஷத்து மே மாதங்களில் எத்தனை பேர் என்று கழித்துப் பார்த்தார்கள். 1,344 பேர் கூடுதல். காகிதத்தில் அவர்களில் எத்தனை பேருக்கு மாரடைப்பு என்று பேர் வைத்திருந்தாலும், கழித்தல் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 2013-இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் திட்டம் போட்டது. கணக்கு வந்தால்தான் திட்டம் வரும். கணக்கில் வராதவன் செத்தது செத்ததுதான்.

*

ஏப்ரல் பிறந்தால் போதும், அறிவிப்புகள் வந்துவிடும். பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். இளநீர், மோர் பருகுங்கள். பருத்தி ஆடை அணியுங்கள். பத்திரிகைக்காரன் "வெயில் சதமடித்தது" என்று கிரிக்கெட் மாதிரி போடுவான். யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள்? டன் கணக்குக் கூலிக்காரனுக்குப் பகல் 12 முதல் 3 வரை யார் சம்பளம் கொடுப்பான்? உப்பளத்தில் நிற்பவளுக்கு நிழல் எங்கே? செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிடப்பவன் எங்கே வெளியே போகாமல் இருப்பது? அவன் இருப்பதே வெளியில்தானே. தெருக் கூட்டுகிறவள், தார் ரோடு போடுகிறவன், குப்பை வண்டி தள்ளுகிறவன், இவர்கள் எல்லாம் எந்தச் சாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தியா முழுவதுக்கும் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. கடும் வெயில் அடிக்கும்போது வேலை நேரத்தில் அதிகப் பங்கை வெட்டவெளியில் கழிப்பவர்கள் தாழ்த்தப்பட்டவர்களும் பழங்குடிகளும். ஆதிக்க சாதியினர் அதைவிடக் குறைவாகவே வெளியில் நிற்கிறார்கள். வெயில் எல்லாருக்கும் பொது, நிழல்தான் சாதி பார்த்து விழுகிறது.

ராத்திரிக்கு வீட்டுக்கு வந்தால்? ஊர்த்தெருவில் புங்க மரம், வேப்ப மரம், திண்ணை, ஓட்டு வீடு. காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் பெட்டி, இல்லாவிட்டால் தகரம். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்கும். ராத்திரியில் உடம்பு குளிர்ந்தால்தான் பகலெல்லாம் ஓடின இதயம் கொஞ்சம் நிதானிக்கும். அந்த ஓய்வு இல்லாமல் மறுநாளும் காட்டுக்குப் போகிறோம். மூன்றாவது நாள், நாலாவது நாள் விழுகிறோம். "நேத்துகூட நல்லாத்தான் இருந்தாரு" என்கிறார்கள். எங்கே நல்லா இருந்தாரு?

இன்னொரு பேச்சு இருக்கிறது. "அவங்களுக்கெல்லாம் வெயில் பழகின ஒடம்பு." இதைச் சொல்கிறவர்களில் டாக்டர்களும் உண்டு, நம் இலக்கியவாதிகளும் உண்டு. கறுத்த உழைக்கும் உடம்பைப் பாடிப் பாடியே அதை இரும்பாக்கி விட்டார்கள். உடம்பு வெயிலுக்குப் பழகும், உண்மை. ஒன்றிரண்டு வாரத்தில் பழகும். பழகின உடம்பு என்ன செய்யும் தெரியுமா? சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகமாக வேர்க்கும். அதனால் அதற்குத் தண்ணி இன்னும் அதிகமாக வேண்டும். தண்ணி மறுக்கப்பட்ட இடத்தில் பழக்கம் என்பது உதவியே இல்லை. காற்றில் ஈரம் கூடினால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் எவ்வளவு பழகின உடம்பும் குளிராது. இரும்பு உடம்பு என்று யாரும் எங்களைப் பாராட்ட வேண்டாம்.

"குடிச்சிருப்பான்" என்பது அடுத்தது. நைனா அன்றைக்குக் குடிக்கவில்லை. ஏழு பேரும் சொன்னார்கள். குடித்திருந்தால் என்ன? குடித்தவன் உடம்பு சீக்கிரம் வற்றும், அவனை இன்னும் வேகமாகத் தண்ணியில் இறக்க வேண்டும். வைத்தியம் அதுதானே ஒழிய மேஸ்திரி சிரிப்பு இல்லை. மாறிப் பேசுவதுதான் வெயில் அடித்ததற்கு முதல் அடையாளம். அந்த அடையாளத்தையே நம் மேல் குற்றமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். 

*

இப்போது என் குற்றம். நான் ஓர் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மே மாதத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள். மண் ஒட்டின காலு, சட்டைப் பையில் பீடிக்கட்டு. துடிப்பு இருக்காது. "கொண்டுவரும்போதே உயிர் இல்லை" என்று பதிவேட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஒரு தரமல்ல. செத்த உடம்புக்கு எதற்குச் சூடு பார்ப்பது என்று தெர்மாமீட்டரை எடுத்ததே இல்லை. அந்தச் சூடு ஒன்றுதான் சாட்சி. ஒரு மணி நேரம் போனால் அந்தச் சாட்சியும் ஆறிப்போகும். பார்த்து எழுதியிருந்தால் 41, 42 என்று ஒரு எண் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கும். யாராலும் அழிக்க முடியாத எண். என் நைனாவுக்கு நடந்ததை, என் கையாலேயே வேறு நைனாக்களுக்குச் செய்திருக்கிறேன்.

தோழர்களே, நம் இயக்கங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வெட்டு, தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்றால் உண்மை அறியும் குழு போகிறது, அறிக்கை வருகிறது, சிறப்பிதழ் வருகிறது. போக வேண்டும்தான். ஆனால் ரத்தம் தெரியாத சாவை நாம் இயற்கைச் சாவு என்று ஒப்புக்கொண்டோம். இயற்கை என்ற சொல்லை எவ்வளவு கட்டுடைத்தோம்! சாதி இயற்கை இல்லை, குடும்பம் இயற்கை இல்லை, மொழி இயற்கை இல்லை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினோம். 51 வயசில் கரும்புக் காட்டில் விழுந்த சாவை மட்டும் இயற்கை என்று விட்டுவிட்டோம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்று ஆணை போட்டது. அதுவரைக்கும் மத்திய அரசின் 12 பேரிடர்கள் அடங்கிய பட்டியலில் குளிர் அலை இருந்தது, வெப்ப அலை இல்லை. இந்த நாட்டில்! ஆணை வந்தது நல்லது. வாங்குவது எப்படி? வெயிலால் செத்தார் என்று அதிகாரி ஒப்ப வேண்டும். மாரடைப்பு என்று எழுதிவிட்டால் ஒரு பைசா கிடையாது. ஆக, அந்தச் சொல் வெறும் தவறு இல்லை. அதற்கு விலை இருக்கிறது. 4 லட்ச ரூபாயும், தண்ணி கொடுக்காதவன் பதில் சொல்லவேண்டிய பொறுப்பும் அந்த ஒரு சொல்லில் அழிகிறது. ஆண்டை மகன் ஏன் அவ்வளவு அவசரமாகப் பதில் சொன்னான் என்று இப்போது புரிகிறதா?

அதனால் சொல்கிறேன். கோடையில் வேலைக்காட்டில் விழுந்து சாகிற ஒவ்வொருவருக்கும் உள்சூடு பார்த்து, மணியோடு எழுத வேண்டும். எங்கே விழுந்தார், எத்தனை மணி நேரம் நின்றார், கடைசியாக எப்போது தண்ணி குடித்தார், மாறிப் பேசினாரா என்று கூட இருந்தவர்களைக் கேட்டு எழுத வேண்டும். அறுவைப் பரிசோதனைக்கு நாம் பயப்படக் கூடாது. சாவுக் காரணத்தைச் சொல்லும் உரிமை நிலத்துக்காரனுக்கு இல்லை. டன் கூலிக்காரனுக்கும் பகல் ஓய்வுக்குக் கூலி உண்டு, காட்டில் நிழலும் தண்ணியும் கொடுக்காதவன் மேல் வழக்கு உண்டு என்று ஆக வேண்டும். நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கிற வைத்தியத்தை நம் காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுத்தர நான் வருகிறேன், கூப்பிடுங்கள். அரசாங்கம் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை செத்தவர் பேரு, வயசு, வேலை, விழுந்த இடம், நேரம். நாலு வருஷம் எழுதினால் ஆமதாபாத் கழித்தல் கணக்கை நாமே போடலாம்.

நான் தொடங்கிவிட்டேன். என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

ஆண், 51. கரும்பு வெட்டு, டன் கூலி. 8 மணி நேரத்துக்கு மேல் வெயிலில். கடைசியாகத் தண்ணி குடித்தது 11 மணி. மாறிப் பேசியது ஒன்றரை மணி. தொட்டி பத்தடியில் இருந்தது, இறக்கவிடவில்லை. இறப்புக்குக் காரணம், வெயிலும் சாதியும்.